கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோ பாட்டர்: மண், கல், சூடு

கேள்வி இதுதான்: “பெங்களூரில் மூன்று மாதம் சக்கரத்தில் வனையக் கற்றுக்கொண்டேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். ஊரிலேயே சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட ஆசை. பெரிய பாட்டர்கள் எல்லோரும் தங்கள் கலைப் பின்னணி, அணுகுமுறை என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நம் ஏரி மண்ணை வைத்து எனக்கென்று ஒரு பாணி உருவாக்க முடியுமா? எங்கே தொடங்குவது?”

முடியும். ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதுவதிலிருந்து தொடங்காதீர்கள். எந்த மண், எத்தனை டிகிரி, எந்தத் தீ, மேலே என்ன பூச்சு, அடி தட்டையா உருண்டையா என்று எடுக்கும் ஐந்தாறு முடிவுகள் சேர்ந்ததற்குத்தான் அணுகுமுறை என்று பெயர். அந்த முடிவுகளை எடுத்துவிட்டால் பக்கம் தானாக எழுதிக்கொள்ளும். எடுக்காமல் எழுதினால் “மண்ணோடு உரையாடுகிறேன்” மாதிரி வாக்கியங்கள்தான் வரும். அதை யாரும் எழுதலாம்.

ஸ்டுடியோ பாட்டர் என்றால், மண் பிசைவது முதல் சூளை இறக்குவது வரை எல்லா முடிவையும் தானே எடுத்து, அடியில் தன் முத்திரையைக் குத்துகிறவர். ஊர்க் குயவரும் எல்லா வேலையையும் செய்கிறவர்தான். வித்தியாசம் என்னவென்றால், அவருடைய முடிவுகளில் பெரும்பாலானவை பல தலைமுறைக்கு முன்பே எடுக்கப்பட்டவை. பொங்கல் பானைக்கு வாய் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, எந்த ஏரியில் எந்த மூலை மண் என்பதெல்லாம் தீர்ந்துபோன விஷயம். அதனால்தான் அந்தக் கைக்கு அவ்வளவு வேகம். அவரைப் பழைய காலம் என்று ஒதுக்கிவிட்டு ஸ்டுடியோ போடுகிறவர்கள் பாடத்தின் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஊர்ப் பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு அடியே இருக்காது. வாயும் கழுத்தும் முடிந்திருக்கும். கீழே சுவர் தடிமனாக, திறந்த குழாய்போல் நிற்கும். நூலால் அறுத்து எடுத்து நிழலில் வைப்பார்கள். அழுத்தினால் விரல் பதியும், ஆனால் ஒட்டாது என்கிற பதம் வந்ததும், உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். பலகை ஒட்டாமலிருக்கச் சாம்பல். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து, பானை பெருத்து, கீழே ஓட்டை சுருங்கி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டும் மண்ணை நெருக்குகிறது. அடியில் மூலை என்று ஒன்று இல்லாததால் அடுப்பில் வைத்தால் சூடு எல்லாப் பக்கமும் ஒரேபோல் பரவுகிறது. சூளையில் அது 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரைதான் வெந்திருக்கும். மண் முழுதாக இறுகாததால் உள்ளே நுண்துளைகள் நிறைய. ஒரு விரிசல் கிளம்பினாலும் துளையில் போய் நின்றுவிடும். அதே துளைகள்தான் தண்ணீரைக் கசியவிட்டுக் குளிர வைக்கின்றன. இதே இடத்தில் 1,280 டிகிரியில் வெந்த உங்கள் தட்டை அடிக் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றினால் படாரென்று பிளந்துவிடும். அதிகச் சூடு என்றால் அதிகத் தரம் என்று நினைப்பது தவறு. பயன்பாடு மாறினால் சூடும் மாறும்.

நீங்கள் சக்கரத்தில் இழுக்கிற கோப்பையின் நடு அடியில் எஸ் எழுத்துபோல் ஒரு விரிசல் விழுகிறதா? அந்தத் தட்டுப்பலகை செய்கிற வேலையை நீங்கள் செய்யவில்லை என்று பொருள். சுவரை இழுக்கும்போது விரல் நெருக்குகிறது. அடியை யாரும் நெருக்குவதில்லை. போதாததற்கு நடுவில் தண்ணீர் தேங்கும். அடியைத் திறந்ததும் ஸ்பாஞ்சால் தண்ணீரை எடுத்துவிட்டு, மர ரிப்பால் (வழித்து அழுத்தும் சிறு பலகை) ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் மூன்று நான்கு முறை அழுத்தி இழுங்கள். பெரிய குவியலிலிருந்து ஒவ்வொன்றாக வனைந்து அறுத்தால் இந்த விரிசல் இன்னும் அதிகம் வரும்.

இனி பின்னணி. படிப்புச் சான்றிதழை அது குறிப்பதில்லை என்பதற்கு இந்தத் துறையின் பெரிய பெயர்களே சாட்சி. பெர்னார்ட் லீச் (1887–1979) செப்புத்தகட்டில் கோடு செதுக்கி அச்சிடும் எட்சிங் கலை பயின்றவர். அதைக் கற்பிக்க ஜப்பான் போன இடத்தில் மண்பாண்டத்தில் விழுந்தார். அவருடைய பாண்டங்களில் தூரிகைக் கோடு அவ்வளவு உறுதியாக இருப்பது அந்த எட்சிங் பழக்கத்திலிருந்து வந்தது. 1920-இல் அவரோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை கட்டியவர் ஹமாதா ஷோஜி (1894–1978). இவர் செராமிக் தொழில்நுட்பம் படித்து, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேல்பூச்சு) வேதியியலில் ஆயிரக்கணக்கில் சோதனை செய்தவர். ஜப்பானுக்குத் திரும்பிப் போய் அவர் குடியேறியது மாஷிகோ என்ற ஊர். அங்கே அப்போது சமையலறைச் சட்டி, ஊறுகாய் ஜாடி மாதிரி சாமான்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள். மண்ணும் சுமார் ரகம். நல்ல மண்ணை வெளியிலிருந்து வரவழைக்காமல், அந்த மண்ணுக்குள், ஊர்க் கல்லின் தூளும் சாம்பலும் கொண்ட நான்கைந்து கிளேஸுக்குள் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். காகி என்கிற துருச்சிவப்புக் கிளேஸ் அந்த ஊர்க் கல் ஒன்றின் பொடி. கிருஷ்ணகிரிக்காரருக்கு லீச்சைவிட இவர்தான் அதிகம் உதவுவார். காரணம் கீழே வரும்.

நம் நாட்டில் சர்தார் குர்சரண் சிங் நிலவியல் படித்துவிட்டுச் செங்கல் சூளைத் தொழிலுக்கு வந்தவர். அங்கிருந்து ஜப்பான் போய்க் கற்றுத் திரும்பி, 1952-இல் டெல்லி புளூ பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பித்தார்கள். தென்னிந்தியாவில் இன்று ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் பாண்டம்) செய்கிற பலர் நேராகவோ சுற்றிவளைத்தோ அந்தப் பள்ளியின் வழிதான். மீக்கருக்குக் கட்டடக்கலைப் பழக்கம் இருந்தது. பச்சை மண்செங்கல்லில் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கலையும் பாண்டங்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். கட்டடம் தெரியாதவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. எட்சிங், வேதியியல், நிலவியல், கட்டடம்: நான்கும் மண்ணுக்கு வெளியே உள்ள பழக்கங்கள், நான்கும் மண்ணில் போய்த் தழும்பு விட்டிருக்கின்றன. உங்களுக்கும் ஏதாவது இருக்கும். மாந்தோப்பில் ஒட்டுக் கட்டியிருப்பீர்கள், தையல் தெரியும், லேத் பட்டறையில் நின்றிருப்பீர்கள். அந்தக் கைப்பழக்கம் எது என்று கண்டுபிடியுங்கள். கோலத்தையோ நடுகல் வீரனையோ கோப்பையின் மேல் ஒட்டிவைப்பது பின்னணி ஆகாது, அது ஸ்டிக்கர்.

சரி, மண். ஏரியில் எடுப்பதற்கு வட்டாட்சியர் அனுமதி வாங்குங்கள். விவசாயத்துக்கும் மட்பாண்டத்துக்கும் கட்டணமில்லாமல் தருகிறார்கள். முதலில் டிராக்டர் லோடு வேண்டாம். நான்கைந்து இடத்தில், மேல் ஓரடியைத் தள்ளிவிட்டு, இடத்துக்கு ஐந்து கிலோ போதும். ஒவ்வொரு பையிலும் இடம், ஆழம், தேதி எழுதுங்கள். பென்சில் தடிமனுக்குக் கயிறாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். விரிசலே இல்லாமல் வளைந்தால் பசை நன்று. லேசாக வெடித்தால் கலவையில் சரிசெய்யலாம். பட்டென்று ஒடிந்தால் அது வண்டல், விட்டுவிடுங்கள். மண்ணை முழுக்கக் காயவைத்து உடைத்த பிறகே தண்ணீரில் போடவும். ஈரக் கட்டியாகப் போட்டால் ஒரு வாரம் ஆனாலும் நடுவில் கரையாமல் கிடக்கும். காய்ந்த கட்டி சில மணி நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கஞ்சிப் பதத்தில் கலக்கி 60 நம்பர் சல்லடையில் (நம்பர் கூடினால் துளை சிறுக்கும்) வடிகட்டி, இரண்டு நாள் தெளியவிட்டு மேல்தண்ணீரை இறுத்து, செங்கல் அடுக்கின் மேல் பழைய வேட்டி விரித்து ஊற்றிவிடுங்கள். பிசையும் பதம் வந்ததும் பிளாஸ்டிக்கில் கட்டி ஒரு மாதமாவது வையுங்கள். நாற்றமடித்தால் நல்லதுதான்.

நம் மாவட்டங்களில் உங்களை அழவைக்கப் போவது சுக்கான்கல். வெள்ளையாக, சில இடத்தில் கடுகளவுக்கு, மண்ணோடு கலந்திருக்கும். அது கால்சியம் கார்பனேட். சூளையில் 850 டிகிரி தாண்டுகிறபோது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பாண்டம் இறங்கும்போது அழகாக இருக்கும். நான்கு நாள் கழித்து, காற்றிலுள்ள ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு குடித்து உப்பி, பாண்டத்தின் மேல் ஒரு சில்லைத் தள்ளிவிடும். பள்ளத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும். விற்ற பிறகு இது நடந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். காய்ந்த மண்ணில் சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் இருக்கிறது. 60 நம்பருக்குப் பதில் 80 நம்பரில் வடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், துகள் பொடியாகிவிட்டால் சில்லைத் தள்ளும் வலு அதற்குக் கிடையாது. சூளையிலிருந்து எடுத்த உடனே பாண்டத்தைத் தண்ணீரில் முழுக முழுக்கி வைப்பது பழைய உபாயம். பூந்தொட்டிக்கு அது போதும்.

பிறகு சோதனைப் பட்டை. 14 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். பச்சையாக இருக்கும்போதே அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறுங்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் எட்டுப் பட்டை. காய்ந்ததும் கோட்டை அளந்தால் 9.2 என்றால் காயும்போது வரும் சுருக்கம் 8 சதவீதம். அது 10-ஐத் தாண்டினால் கைப்பிடி ஒட்டிய இடமெல்லாம் வெடிக்கும். பொடித்த செங்கல் தூளோ நுண்மணலோ 10 முதல் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். பிறகு 900, 1,000, 1,060, 1,120 டிகிரியில் இரண்டிரண்டாகச் சுடுங்கள். சுட்ட பட்டையை எடைபோட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மேலீரத்தைத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 200 கிராம் 228 ஆனால் உறிஞ்சல் 14 சதவீதம். சாப்பாட்டுப் பாத்திரம் தண்ணீர் ஒழுகாமல் இருக்க 2, 3 சதவீதத்துக்குள் வர வேண்டும். செம்மண் கலந்த ஏரி மண் பெரும்பாலும் அங்கே வந்து சேராது. 1,120-ஐ ஒட்டிப் பட்டை வளையும், இன்னும் ஏற்றினால் உள்ளே குமிழி விட்டு இட்லிபோல் உப்பும். இரும்பும் காரமும் சேர்ந்து உருகத் தொடங்கிவிட்டது, உள்ளே அகப்பட்ட வாயுவுக்கு வெளியேற வழியில்லை. உடைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்புப் பட்டை தெரிகிறதா? 600 முதல் 900 டிகிரி வரை வேகமாக ஏற்றியிருக்கிறீர்கள். மண்ணிலுள்ள கரி எரிந்து முடியவில்லை.

அப்படியானால் ஏரி மண் வீணா? இல்லை. அதற்கு மூன்று வேலை கொடுக்கலாம்.

முதல் வேலை, கிளேஸ் இல்லாத சுடுமண். இந்த நிலத்துக்கு அதில் பழைய உரிமை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்களே, அதே அகழாய்வில் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் வந்தன. உள்ளும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு மண்ணோ இரண்டு சாயமோ இல்லாமல் தீயை வைத்தே வருகிற நிறம் அது. கலத்தைக் கவிழ்த்து, உள்ளே உமியோ வைக்கோலோ அடைத்துச் சுட்டால், காற்று புகாத உட்பக்கத்தில் கரி படிந்து கறுக்கும், வெளியே காற்றுப் பட்ட இரும்பு சிவக்கும். இதை ஒரு பழைய இரும்பு டிரம்மில், 750 டிகிரிக்குள் நீங்களே செய்து பார்க்கலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போகும்போது முழுப் பானைகளைவிட்டு விளிம்பு ஓடுகளைப் பாருங்கள். விளிம்பை எப்படி மடித்தார்கள் என்பதில்தான் வனைந்தவர் கை தெரியும்.

இந்தக் கலங்களின் பளபளப்புக்கு இன்று நாம் செய்வது டெரா சிஜிலாட்டா என்ற மிக நுண்ணிய மண்பூச்சு. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 முதல் 4 கிராம் சோடியம் சிலிகேட் (மண் துகள்களை ஒட்டாமல் பிரித்து வைப்பது) கரைத்து, 400 கிராம் காய்ந்த செம்மண் பொடியைக் கலக்கி, கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மூன்று அடுக்காகப் பிரியும். மேல் தண்ணீரை உறிஞ்சி விட்டுவிட்டு நடு அடுக்கை மட்டும் குழாய் வைத்து எடுங்கள். அடியில் உள்ளது மணல், வேண்டாம். 100 மில்லி எடுத்தால் 112 முதல் 115 கிராம் இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பாண்டத்தில் அகலத் தூரிகையால் மூன்று கோட், மென்துணியால் தேய்த்தால் மினுமினுக்கும். 1,000 டிகிரி தாண்டினால் மினுக்கம் போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் இது பலருக்குத் தோற்றுப்போகிறது: அடுக்குப் பிரியாமல் மொத்தமும் தயிர்போல் ஒன்றாக அமரும். கடின நீரிலுள்ள கால்சியம் மண் துகள்களைத் திரட்டிவிடுகிறது, சோடியம் சிலிகேட் செய்யவேண்டியதற்கு நேர் எதிர் வேலை. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்துங்கள். அச்சில் ஊற்றுகிற கரைசலுக்கும் இதே விதி.

இரண்டாவது வேலை, ஸ்டோன்வேர் கலவைக்கு நிறம். கலவையின் முதுகெலும்பை வெளியிலிருந்துதான் வாங்கவேண்டும். தீக்களிமண் 40, பால் கிளே (பசை மிகுந்த வெளிர் களிமண்) 25, சீனக்களிமண் 15, ஃபெல்ஸ்பார் (சூட்டில் உருகி இளக்கும் கல்) 12, குவார்ட்ஸ் (சிலிக்காக் கல்) 8 என்று எடையளவில் தொடங்கலாம். இதில் 10 முதல் 15 சதவீதம் வடித்த ஏரி மண் சேர்த்தால், புகைத்தீயில் (காற்றைக் குறைத்து எரிக்கும் தீ) கோன் 10-க்கு, அதாவது 1,280 டிகிரியை ஒட்டி வளையும் அளவுக்கூம்பு வளையும் வரை, சுடும்போது ரொட்டி நிறமும் கரும்புள்ளிகளும் வரும். 20-ஐத் தாண்டினால் தட்டுகள் தொய்யும். பொருள்களுக்கு விருத்தாசலம் போய் வாருங்கள். அங்கே செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இருப்பதால் மூட்டை அளவில் வாங்கவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் உண்டு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: அந்தச் செம்மண்ணையே கிளேஸாக மாற்றுவது. 1,120-இல் உருகி நம்மை ஏமாற்றிய மண், 1,260–1,280 டிகிரியில் ஸ்டோன்வேர் கோப்பையின் மேல் பூசினால் பழுப்புக் கண்ணாடியாகும். மண் 70, மரச்சாம்பல் 30 என்று தொடங்குங்கள். பூச்சு காயும்போது சுருங்கிப் பிளந்து, சூட்டில் தீவுத்தீவாக ஒதுங்கினால் மண்ணில் பாதியை 600 டிகிரியில் ஒருமுறை சுட்டுப் பொடித்துச் சேருங்கள். சுருக்கம் பாதியாகிவிடும்.

இப்போது கல். மாஷிகோவைச் சொன்னது இதற்காகத்தான். கறுப்பு கிரானைட் என்று நம் பட்டறைகளில் விற்பது நிலவியல் கணக்கில் பெரும்பாலும் கிரானைட்டே கிடையாது, டோலரைட். அதில் ஏறத்தாழ பாதி சிலிக்கா, பத்து சதவீதத்தை ஒட்டிச் சுண்ணாம்பு, அதே அளவுக்கோ சற்று மேலோ இரும்பு ஆக்சைடு, மிச்சத்தில் அலுமினாவும் மக்னீசியாவும். ஒரு கறுப்புக் கிளேஸுக்கு வேண்டிய எல்லாமே ஒரே கல்லில். நுண்ணிய பொடியாக்கினால் 1,250 டிகிரிக்கு மேல் தானாகவே உருகிக் கரும்பழுப்புக் கண்ணாடியாகும். வெளிறிய சாதாரண கிரானைட்டின் கதை வேறு: அது ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும்தான், தனியாகச் சுட்டால் அரைகுறையாக உருகி மணல்காகிதம்போல் நிற்கும். அதை இளக்கச் சுண்ணாம்போ சாம்பலோ வேண்டும்.

பொடியை எங்கே எடுப்பது என்பதில் ஏமாறாதீர்கள். கேங்சா என்கிற பலவாள் எந்திரத்தில் அறுத்த சேறு வேண்டாம். அதில் இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் கலந்துதான் அறுக்கிறார்கள், ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வோர் அளவு. பாலிஷ் பிரிவின் சேறும் வேண்டாம், தேய்க்கும் கற்களின் பசையும் பொடியும் இருக்கும். வைரப்பல் வட்டவாள் தண்ணீரோடு அறுக்கும் இடத்தில், அன்று ஒரே நிறக் கல் ஓடுகிறபோது வடிகிற சேற்றை ஒரு வாளி கேளுங்கள். ஒரே நாளில் மூன்று வாளி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த மாதம் வேறு குவாரிக் கல் வந்தால் உங்கள் கிளேஸ் மாறிவிடும். காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவி, 100 நம்பர் சல்லடையில் ஈரமாகவே வடிக்கவும். காய்ந்த பொடியைச் சலிக்காதீர்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் போய் அமர்ந்தால் திரும்பி வராது. என்95 முகமூடி, ஈரத்துணியில் துடைப்பது, விளக்குமாறு அறவே கூடாது என்ற மூன்றையும் ஸ்டுடியோவின் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள்.

சாம்பலுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. மாமரக் கவாத்துக் கட்டை, புளிய விறகு இரண்டும் சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் தரும், கிளேஸை இளக்கும். உமிச்சாம்பல் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா, இறுக்கும். கேழ்வரகுத் தாளும் புல்வகைதானே, உமியின் பக்கம் சாயும். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டு “சாம்பல் கிளேஸ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது” என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் நிறைய. மரவாரியாகப் பிரித்து வையுங்கள். சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேல்நீரை மூன்று முறை வடித்துவிடவும். அந்த நீர் வழவழப்பாக இருக்கும், கையை அரிக்கும் காரம், கையுறை வேண்டும்.

சோதனை முறை இது. டோலரைட் பொடி 100, 90, 80, 70, 60. புளியமரச் சாம்பல் 0, 10, 20, 30, 40. ஐந்து கலவை, ஒவ்வொன்றும் 50 கிராம். சோதனை ஓடுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்துச் சுடுங்கள், ஓட்டம் அப்போதுதான் தெரியும். கீழே களிமண் தட்டு ஒன்று, இல்லாவிட்டால் சூளைப் பலகை போய்விடும். சாம்பல் ஏற ஏறக் கறுப்பு பழுப்பாகி, விளிம்பில் தேன் நிறம் காட்டி, கடைசியில் வழியத் தொடங்கும். உங்களுக்கு வேண்டியது வழிவதற்கு ஒரு படி முன்னால் இருக்கும். ஒப்பிட ஒரு அளவுகோலும் கூடவே சுடுங்கள்: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புப் பொடி 20, சீனக்களிமண் 10. லீச் பெயரால் வழங்கும் கோன் 10 கிளேஸ் இது. இதில் 8 முதல் 10 சதவீதம் இரும்பு ஆக்சைடு சேர்த்தால் டென்மோக்கு என்ற கறுப்பு, 1 முதல் 2 சதவீதம் சேர்த்துப் புகைத்தீயில் சுட்டால் செலடான் என்ற இளம்பச்சை. கறுப்பு மின்சூளையிலும் வரும், செலடான் வராது. அதற்கு ஆக்சிஜன் குறைந்த தீ தேவை. ஃபெல்ஸ்பார், மரச்சாம்பல், உமிச்சாம்பல் மூன்றும் சமமாகக் கலந்தால் பால்வெள்ளையாக ஒரு கிளேஸ் கிடைக்கும். ஜப்பானில் நுகா என்பார்கள். கறுப்பின் மேல் அதை ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். கிருஷ்ணகிரிக் கல், புளிய விறகு, நெல் உமி: இதற்கு மேல் பாணிக்கு என்ன வேண்டும்?

காயவைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஆடிக்காற்றில் கோப்பையின் வாய் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். வாய் சுருங்கும், அடி சுருங்காது. கைப்பிடி நடுவில் மாட்டிக்கொண்டு பிளக்கும். கோப்பையும் கைப்பிடியும் ஒரே பதத்தில் இருக்கும்போது ஒட்டி, ஈர வேட்டியும் அதற்கு மேல் பிளாஸ்டிக்கும் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். பிறகு கவிழ்த்துக் காயவிடுங்கள்.

சூளை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இடமும் பணமும் தீர்மானிக்கிற விஷயம் அது. 60 லிட்டர் மின்சூளை 5, 6 கிலோவாட் இழுக்கும். 1,300 டிகிரி வரை போகும் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். கிராமத்து லைனில் மாலையில் மின்னழுத்தம் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் சூளைக்குக் கிடைக்கும் திறன் கால்வாசி குறைந்துவிடும், 1,200-க்கு மேல் முள் நகராமல் நிற்கும். இரவு பத்துக்கு மேல் உச்சிச் சூட்டுக்கு வருவதுபோல் கணக்குப் போடுங்கள். முதல் சூட்டில் (கிளேஸ் பூசும் முன் சுடுவது) 120 டிகிரி வரை மணிக்கு 60-க்கு மேல் ஏற்றாதீர்கள். பார்வைத் துளையில் எவர்சில்வர் தட்டைக் காட்டுங்கள். ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று விரியும், இறங்கும்போது அதே புள்ளியில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்கவும். மூடியை 200-க்கு மேல் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். டிங் டிங் என்று சத்தம் கேட்டால் அது உங்கள் கிளேஸ் வெடிக்கும் ஓசை. மீட்டரை மட்டும் நம்பாமல் கோன் வையுங்கள். சூடும் நேரமும் சேர்ந்து என்ன வேலை செய்தது என்பதைக் கோன்தான் காட்டும்.

விற்பனைக்கு முன் கட்டாயம் செய்யவேண்டியது ஒன்று. உள்பக்கம் கிளேஸ் பூசிய கோப்பையில் கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றி மூன்று நாள் வையுங்கள். அதே தொகுதியில் இன்னொரு கோப்பையை வெறுமனே வைத்து ஒப்பிடுங்கள். நிறமோ மினுக்கமோ மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் பூச்சாடிக்கு மட்டும்தான். மாறாவிட்டாலும் ஈயம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கடையில் ஃபிரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கிளேஸ் கண்ணாடி) வாங்கினால் ஈயம் இல்லாததா என்று எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். பிறகு கோப்பையைக் கொதிநீரில் பத்து நிமிடம், எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில், இப்படி மூன்று முறை. மை தடவித் துடைத்துப் பாருங்கள்: வலைபோல் கோடு தெரிந்தால் கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது. குவார்ட்ஸை 3 முதல் 5 சதவீதம் கூட்டி மறுபடி சுடவேண்டும். அந்த வலைக்கோட்டுக்குள் குழம்பு எண்ணெய் இறங்கினால் எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மண் எடுத்த இடம், எந்தப் பட்டறைக் கல், எந்த மரச் சாம்பல், கோன், எரித்த நேரம், பாண்டத்தின் அடியில் நீங்கள் கீறிய எண். ஆறு மாதத்தில் நூறு ஓடு சேரும். அவற்றைத் தரையில் பரப்பி, மறுபடி மறுபடி கை போகிற பத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்தை எழுதச் சொல்லி யாராவது கேட்டால், அந்தப் பத்து ஓட்டின் பின்னால் உள்ள எண்களைப் பார்த்து எழுதுங்கள்.